தாயத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள்

கேள்வி: மருத்துவ உளவியல் படித்தவள் நான். சுகாதார நிலையம் ஒன்றில் எட்டு மாதமாக ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் பகுதியில் தூக்கம் கெட்டாலும், காரணமில்லாமல் அழுகை வந்தாலும் முதலில் மந்திரிப்பவரிடம்தான் போகிறார்கள். எங்களிடம் ஒருமுறை வருகிறவர்கள் மறுமுறை வருவதில்லை. செய்வினை என்று ஒன்று கிடையாது என்று ஊர்க்கூட்டம் போட்டு விளக்கினோம். அதன்பிறகு வருகை இன்னும் குறைந்துவிட்டது. 19 வயதுப் பெண் ஒருத்திக்கு வாரத்தில் இரண்டு முறை 'பிடிக்கிறது'. அவள் சித்தி வைத்த வினை என்று மந்திரிப்பவர் சொல்லியிருக்கிறார். அம்மா அவளை அங்கேயும் அழைத்துப் போகிறார், இங்கேயும் அழைத்து வருகிறார். மந்திரிப்பவரோடு நான் பேசலாமா? அது என் தொழிலுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஊர்க்கூட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் சொன்னது 'செய்வினை கிடையாது' என்பது. அங்கே உட்கார்ந்திருந்தவர் காதில் விழுந்தது 'போன வாரம் நீ கயிறு கட்டிக்கொண்டு வந்தது முட்டாள்தனம்' என்பது. அப்படிக் கேட்டவர் அடுத்த நாள் கையில் அந்தக் கயிற்றோடு உங்கள் அறைக்குள் எப்படி வருவார்? மூடநம்பிக்கை எதிர்ப்புப் பிரசாரம் தேவையான வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது வேறு வேலை, அதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சிகிச்சை அறையில் உட்கார்ந்திருப்பவர் நோய்க்குக் காரணம் எது என்ற வழக்கை நடத்தக் கூடாது. காரணத்தை அவர்களிடமே விட்டுவிட்டு, அடுத்த இரண்டு வாரத்தில் என்ன மாற வேண்டும் என்பதில் மட்டும் உடன்பாட்டுக்கு வாருங்கள். தூக்கமா, சாப்பாடா, வேலைக்குப் போவதா, வெளியே தலைகாட்டுவதா? இதில் உடன்பாடு கிடைக்க எந்த நம்பிக்கையையும் யாரும் கைவிட வேண்டியதில்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் 19 வயதுப் பெண்ணின் விஷயத்தில் வருகிறது. பின்னால் சொல்கிறேன்.

இனி, ஏன் மறுமுறை வருவதில்லை என்பது. மந்திரிப்பவரிடம் போனவர் என்ன வாங்கிக்கொண்டு திரும்புகிறார் என்று பாருங்கள். 'இன்னதுதான்' என்று ஒரு பெயர். 'இதனால்தான்' என்று ஒரு காரணம். கையில் ஒரு பொருள். தினமும் செய்ய ஒரு வேலை. 'இத்தனை நாளில் சரியாகும்' என்று ஒரு கெடு. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. உங்களிடம் வந்தவருக்கு ஒன்றரை மணி நேரம் கேள்வி. கடைசியில் 'அடுத்த வாரம் வாங்க, மேற்கொண்டு பேசலாம்'. வெறுங்கையோடு போனவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி ஏன் வர வேண்டும்? விவரம் சேகரிப்பதற்கென்று முழு முதல் அமர்வையும் செலவிடுவது படிப்பில் சொல்லித்தந்த முறை. இந்தச் சூழலுக்கு அது ஒத்துவராது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட, சுருக்கமாகப் 'பி.எம். பிளஸ்' (Problem Management Plus) எனப்படும் மனநல உதவி முறையைப் பாருங்கள். மொத்தம் 5 அமர்வு, வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் 90 நிமிடம். முதல் அமர்விலேயே மூச்சை மெதுவாக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துத்தான் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவதில் ஒரு நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கும் வழி, மூன்றாவதில் விட்டுப்போன வேலைகளைத் திரும்பத் தொடங்குவது, நான்காவதில் துணைக்கு ஆள் சேர்ப்பது, ஐந்தாவதில் நலத்தைத் தக்கவைப்பது. ஜிம்பாப்வேயில் சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பெஞ்சு போட்டுப் பாட்டிமார்களைப் பயிற்றுவித்து உட்காரவைத்த திட்டத்திலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்: 6 அமர்வு, ஒவ்வொரு முறையும் எடுத்துத் தீர்க்க ஒரு சிக்கல். 2016இல் வெளியான சோதனையில் வழக்கமான கவனிப்பைவிட அது நல்ல பலன் தந்தது. இரண்டிலும் எத்தனை முறை வர வேண்டும் என்பது முன்பே தெரியும். நீங்களும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: 'மொத்தம் ஆறு தடவை. மூணாவது தடவை வரும்போது தூக்கத்துல ஒரு மாற்றம் தெரியணும். தெரியலைன்னா வழியை மாத்திப் பார்ப்போம்.' கெடு இருந்தால் மக்கள் காத்திருப்பார்கள்.

முதல் அமர்வை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். வந்த குடும்பம் முழுவதையும் முதல் 15 நிமிடம் உள்ளே உட்காரவையுங்கள். வெளியே நிறுத்தினால் சந்தேகம் வளரும். தவிர, வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பது இந்த 15 நிமிடத்தில்தான் தெரியும். பிறகு பாதிக்கப்பட்டவரோடு தனியாக 30 நிமிடம். இதை விட்டுவிடாதீர்கள். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை, சாகத் தோன்றும் எண்ணம் எதுவும் மாமியார் முன்னிலையில் வாயில் வராது. கடைசி 15 நிமிடம் மறுபடி எல்லோரும். தனியாகச் சொன்னதில் எதைக் குடும்பத்தின் முன் எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

கேள்விகளுக்கு அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மனின் வரிசை இன்றைக்கும் உதவுகிறது: இதை நீங்கள் என்னவென்று சொல்கிறீர்கள், எதனால் வந்தது, ஏன் அப்போது வந்தது, என்ன செய்கிறது, எதற்கு ரொம்பப் பயப்படுகிறீர்கள், என்ன சிகிச்சை வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இதில் 'எதற்குப் பயப்படுகிறீர்கள்' என்பதுதான் பெரும்பாலும் கதவைத் திறக்கிறது. செய்வினை பற்றிய பயத்துக்கு அடியில் 'பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதோ', 'எனக்கும் என் அண்ணன் மாதிரி ஆகிவிடுமோ' என்று ஒன்று இருக்கும். நீங்கள் சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

மந்திரிப்பவரிடம் போனதை உங்களிடம் மறைப்பார்கள். 'போனீங்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் வரும். 'இங்க வர்றவங்க பெரும்பாலும் வேற இடத்துக்கும் போய்ட்டுத்தான் வர்றாங்க. நீங்க எங்கெல்லாம் பார்த்தீங்க, எது கொஞ்சமாவது கேட்டுச்சு?' என்று கேளுங்கள். பதில் வந்ததும் அங்கே என்ன கொடுத்தார்கள், எதைச் சாப்பிட வேண்டாம் என்றார்கள், எந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் கேளுங்கள். இது மரியாதைக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. இருமுனை மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர் உப்பில்லாத விரதம் இருந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். இந்த மருந்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் என்று வந்து நிற்பார். 'சாமி குத்தம்' என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத விரதத்திலும் இதே ஆபத்து உண்டு. மருந்து எழுதுகிற மருத்துவருக்கு அன்றைக்கே போன் போட வேண்டும். பொடி, லேகியம் என்று எதுவாவது கொடுத்திருந்தால் பாக்கெட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும்.

அமர்வு முடியும்போது கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். அதில் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். மூச்சு: 4 எண்ணும்வரை இழுப்பது, 6 எண்ணும்வரை விடுவது, காலை 5 நிமிடம், இரவு 5 நிமிடம். ஒரு வேலை: விட்டுப்போனவற்றில் மிகச் சின்னது ஒன்று, நாளும் நேரமும் குறித்து. குடும்பத்துக்கு ஒன்று: காலையில் ஏழு மணிக்கு எழுப்பி வெளிச்சத்தில் உட்காரவைப்பது யார் என்று பெயரோடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் போதும். எழுத்தாளர் கூட்டத்தில் பேசுவதுபோல் 'உங்களை நீங்களே நேசியுங்கள்' என்றெல்லாம் எழுத வேண்டாம்.

எந்த முறையை முதலில் எடுப்பது? செயலில் தொடங்குங்கள், எண்ணத்தில் அல்ல. எண்ணத்தைச் சோதிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் செய்வினை நம்பிக்கை மேல் நேராகப் பாய்ச்சினால் என்ன ஆகும் தெரியுமா? 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் தலையணைக்குள் கிடைத்த முடிச்சையும், ஆடு செத்ததையும், கனவையும் வரிசையாக அடுக்குவார். ஆதாரம் அவரிடம்தான் நிறைய இருக்கும், நீங்கள் தோற்பீர்கள். வென்றாலும் அவர் திரும்பி வரமாட்டார். அந்த நம்பிக்கையால் அவர் எதையெல்லாம் நிறுத்திவிட்டார் என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் வெளியே போவதில்லை, பக்கத்து வீட்டில் தண்ணீர்கூட வாங்குவதில்லை, தனியாகத் தூங்குவதில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் சிகிச்சை. ஆறரை மணிக்குத் தெருமுனை வரை, துணையோடு, மூன்று நாள். பிறகு துணை பத்தடி பின்னால்.

அதற்குத் தாயத்தோடு போகலாமா? போகட்டும். முதல் மாதத்தில் அதைத் தொடவே வேண்டாம். பிறகு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. 'என்னைக்காவது அதை மறந்துட்டுப் போனதுண்டா, அப்ப என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். 'ஆமா, வந்து மாட்டிக்கிட்டேன்' என்றால் அது பக்தி, அப்படியே இருக்கட்டும். 'இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, நாளைக்கு இருபது தடவை தொட்டுப் பார்க்கிறேன்' என்றால் அது பயத்தைக் காப்பாற்றி வைக்கும் ஊன்றுகோல். பதற்ற நோயிலும் எண்ணச் சுழற்சி நோயிலும் (ஓ.சி.டி.) அப்படி ஆகும். அப்போதும் கழற்றச் சொல்ல வேண்டாம். தொடுவதை இருபதிலிருந்து பத்தாகக் குறைக்கும் பயிற்சிதான்.

'நீங்க செய்வினையை நம்புறீங்களா?' என்று ஒருநாள் கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள், பிரசங்கமும் செய்யாதீர்கள். 'அதுல எனக்குப் படிப்பு இல்லை. பயமும் தூக்கமின்மையும் உடம்பை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும், அதை நாம பார்க்கலாம்' என்பது பெரும்பாலும் போதும். விடாமல் கேட்டால், 'நான் நம்புறதில்லை. உங்களை மாத்தறதுக்காக இங்க உட்கார்ந்திருக்கலை' என்று நேராகச் சொல்லிவிடலாம். நம்புவதாக நடித்து, பிறகு அது வெளியே தெரிந்தால் அந்த ஊரில் உங்கள் வேலை முடிந்தது.

மந்திரிப்பவரோடு பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச வேண்டும். துரோகம் ஒன்றுமில்லை, இந்தத் துறையில் இது பழைய வழிதான். நைஜீரியாவின் மனநல மருத்துவர் லாம்போ 1954இலேயே அபியோகுட்டா நகருக்குப் பக்கத்துக் கிராமங்களில் நோயாளிகளைக் குடும்பத்தோடு தங்கவைத்து, உள்ளூர் வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை நடத்தினார். நைஜீரியாவிலும் கானாவிலும் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான சோதனையில், வைத்தியரும் ஆரம்ப சுகாதார ஊழியரும் சேர்ந்து பார்த்தவர்களுக்கு ஆறு மாத முடிவில் அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. குஜராத்தின் உனாவா தர்காவில் 2008இலிருந்து பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருந்தும் கிடைக்கிறது. ஏர்வாடி தர்காவிலும் பின்னர் அந்த ஏற்பாடு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் நினைவில் வையுங்கள். மருந்து இல்லாமலே அறிகுறி மதிப்பெண்ணின் சராசரி 52.9இலிருந்து 42.9ஆக இறங்கியிருந்தது. அங்கே தனிச் சடங்குகூட நடக்கவில்லை. தங்க ஓர் இடம், சிறு வேலை, விரட்டாத மனிதர்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் அதை அளவுக்கு மீறித் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆனால் 'அங்கே போவதால் ஒரு பயனும் இல்லை' என்று சொல்லும் உரிமையை அது நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

போகும் முறை முக்கியம். 'பயிற்சி முகாம்' என்று அழைப்பு அனுப்பாதீர்கள்; அதில் நீங்கள் ஆசிரியர், அவர் மாணவர். கூட்டமில்லாத நாளில் அவர் இடத்துக்கே போங்கள். முதல் சந்திப்பில் ஒரே கேள்வி: 'எந்த மாதிரி ஆளை நீங்களே திருப்பி அனுப்பிடுவீங்க?' அனுபவமுள்ளவர்கள் பலரிடம் இதற்குப் பதில் இருக்கும், 'வலிப்பு வந்தா நான் தொடமாட்டேன்' என்பதுபோல. அந்தப் பட்டியலோடு உங்கள் பட்டியலைச் சேருங்கள். சாகிறேன் என்று பேசுவது; காய்ச்சலோடு குழப்பம்; வலிப்பு; இரண்டு நாளாகச் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் ஒரே நிலையில் உறைந்திருப்பது; பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் தூக்கமே இல்லாமல் தொடர்பில்லாமல் பேசுவது. இந்த ஐந்தில் எது வந்தாலும் அன்றைக்கே உங்களுக்குப் போன் வர வேண்டும். காய்ச்சலும் குழப்பமும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், மணிக்கணக்கில் உயிர் போகும். பிரசவத்துக்குப் பின் வரும் மனநோயில் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. இவற்றில் காத்திருக்க நேரமில்லை என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அவர் ஒருவரை அனுப்பினால் 'வந்து சேர்ந்தார், நன்றி' என்று தகவல் சொல்லுங்கள். அதற்கு மேல் நோயாளியின் சம்மதமில்லாமல் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஆள் அனுப்பியதற்குக் காசு கொடுப்பதோ வாங்குவதோ கூடாது. நீங்கள் திருநீறு பூசி மந்திரிக்கவும் கூடாது, அவர் உங்கள் மாத்திரையைக் கொடுக்கவும் கூடாது.

விட்டுக்கொடுக்கவே முடியாதவை சில உண்டு: சங்கிலி, அடி, மிளகாய்ப் புகை, பட்டினி, பெண்ணைத் தனியறையில் வைத்துப் பூஜை, மருந்தை நிறுத்தச் சொல்வது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. மருந்து உள்ளே போனால் சங்கிலி தானாகக் கழன்றுவிடும் என்று எண்ண வேண்டாம். கானாவின் பிரார்த்தனை முகாம் ஒன்றில் 139 பேரைக் கொண்டு நடந்த, 2018இல் வெளியான சோதனையில் மருந்து கிடைத்தவர்களுக்கு அறிகுறி குறைந்தது. சங்கிலியில் கழித்த நாட்கள் குறையவில்லை. அதைத் தனியாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும், கேட்காவிட்டால் புகார் செய்ய வேண்டும். உறவு கெடுமே என்று தயங்க வேண்டாம், கெடட்டும்.

இப்போது அந்தப் பெண். முதலில் வலிப்பு நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். தூக்கத்தில் வருகிறதா, நாக்கின் ஓரம் கடிபடுகிறதா, சிறுநீர் போகிறதா, முடிந்தபின் குழப்பம் நீடிக்கிறதா? வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும், கண் திறந்திருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூடிக் குறைந்து, பல நிமிடம் நீண்டால் மனக்காரணத்தால் வரும் வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவள் சம்மதித்தால் அம்மாவைப் போனில் ஒருமுறை வீடியோ எடுக்கச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். வழிபாட்டில், ஊர் ஏற்றுக்கொண்ட இடத்தில் அருள் வருவது நோய் அல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய் வகைப்பாடும் அப்படித்தான் சொல்கிறது. அவளுக்கு விருப்பமில்லாமல் வந்து, படிப்பையோ வேலையையோ கெடுத்தால்தான் அதற்கு நோய்ப் பெயர்.

வரும்போது கூட்டத்தைக் கலையுங்கள், தலையில் அடிபடாமல் பாருங்கள், 'நடிக்காதே' என்று யாரும் சொல்லக் கூடாது. வந்திருக்கும் 'ஆவி'யோடு நீங்கள் பேச்சுவார்த்தை நடத்தவும் கூடாது. அப்படிச் செய்தால் அடுத்த முறை அது உங்களைத் தேடியே வரும். முடிந்து, தண்ணீர் குடித்து, அமைதியானபின் அவளோடு பேசுங்கள்: அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது? ஒவ்வொரு முறைக்கும் நாள், நேரம், யார் இருந்தார்கள், 'அது' என்ன கேட்டது என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். எட்டு, பத்து முறை சேர்ந்ததும் ஒரு ஒழுங்கு தெரியும். நிச்சயப் பேச்சு எடுத்த நாட்களா, ஒரு குறிப்பிட்ட ஆள் வீட்டுக்கு வந்த நாட்களா? அவளால் தன் குரலில் சொல்ல முடியாததை அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைத் தன் வாயால், சிறு அளவில், அம்மாவிடம் சொல்ல வைப்பதுதான் சிகிச்சை. யாரோ அவளைத் தொந்தரவு செய்கிறார் என்று தெரிந்தால் முதலில் அவளுக்குப் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் சொன்ன விலக்கு இங்கேதான் வருகிறது. காரணத்தோடு மோதாதீர்கள் என்றேன். அந்தக் காரணம் ஓர் ஆளைக் கைகாட்டினால் நடுநிலை செல்லாது. சித்தியின் பெயர் வெளியே வந்துவிட்டது. நாளைக்கு அவர் வீட்டுக் கதவில் கல் விழும், அல்லது அதைவிட மோசமானது நடக்கும். அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: 'எதனால வந்துச்சுங்கறதை நான் கேட்கலை. ஆனா சித்தி பேரைச் சொல்லி யாரும் அவங்க வாசல்ல போய் நிக்கக் கூடாது. அது உங்க பொண்ணுக்கு ஒரு பைசா உதவாது.' மந்திரிப்பவரைச் சந்திக்கும்போது உங்கள் முதல் கோரிக்கை, ஆளின் பெயர் சொல்வதை நிறுத்துங்கள் என்பதாக இருக்கட்டும். அவள் கதையைச் சொல்லாமலே இதைக் கேட்க முடியும். எந்த ஊரிலும் பகை வளர்வது மந்திரிப்பவருக்கும் தொல்லைதான் என்பதால், அவரும் இதில் உங்களோடு ஒத்துப்போகக்கூடும்.

குணமானபின் 'வேண்டுதல் பலித்துவிட்டது' என்று சொல்வார்கள். சொல்லட்டும், பெருமையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லோடு மாத்திரையும் நின்றுவிடும், கவனம் அதில் இருக்கட்டும். மனச்சோர்வு மருந்தை, நன்றாக ஆனபிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். 'நேர்த்திக்கடனையும் செலுத்துங்க, மாத்திரையையும் தை வரைக்கும் போடுங்க' என்று மாதப் பெயர் சொல்லி முடியுங்கள். 'ஆறு மாதம்' என்பதைவிட அது நினைவில் நிற்கும்.

உங்கள் மேலதிகாரி வருகை எண்ணிக்கை கேட்பார். இனி மாதாந்திர அறிக்கையில் புதிதாக வந்தவர் எத்தனை என்பதற்குப் பக்கத்தில், அவர்களில் இரண்டாம் முறை வந்தவர் எத்தனை, மந்திரிப்பவர் அனுப்பி வந்தவர் எத்தனை என்று இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள். மூன்று மாதம் இதை எழுதிப் பாருங்கள். இரண்டாவது கட்டம் நகரவில்லை என்றால் முதல் அமர்வில் நீங்கள் கொடுத்தனுப்பும் சீட்டைத்தான் திருத்த வேண்டும். மூன்றாவது காலியாகவே இருந்தால் இன்னொரு முறை அவர் இடத்துக்குப் போய்வாருங்கள்.